முதலில் மார்க்கைக் காட்டு

பி.ஏ. வரலாற்றில் சேர்ந்த அன்றே, அடுத்தது சட்டம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் வாங்கியாயிற்று. முன்பு வைத்திருந்தவர் பாதிப் பிரிவுகளுக்குப் பென்சிலால் கோடிட்டிருந்தார். மீதிக்கு நான் இட்டேன்.

இரண்டாம் ஆண்டில் வகுப்புக்கு மட்டம் போட்டு நீதிமன்றத்துக்குப் போகத் தொடங்கினேன். சத்தமில்லாமல் பின்னால் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சினிமாவில் வரும் வாதமெல்லாம் அங்கே கிடையாது. டவாலி பெயரைக் கூப்பிடுவார், வக்கீல் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வார், வாய்தா. அடுத்த பெயர். எப்போதாவது குறுக்கு விசாரணை நடந்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

அங்கே ஒரு வக்கீல் குமாஸ்தா, "தினமும் வருகிறாயே அம்மா, யாருடைய கேஸ்?" என்று கேட்டார். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறேன் என்றேன். சிரித்துவிட்டார். "டெல்லிக்கா போகப் போகிறாய்? இங்கே மூன்று வருட எல்.எல்.பி.க்கு ஏது நுழைவுத் தேர்வு? முதலில் மார்க்கைக் காட்டு."

காட்டும்படி இல்லை. 54 சதவீதம், ஓர் அரியர். பொதுப் பிரிவுக்கு 45, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் என்பது விண்ணப்பிக்கத்தான். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைப்பது, பட்டப் படிப்பு மதிப்பெண்ணை வைத்துப் போடும் தரவரிசையிலும் இட ஒதுக்கீட்டிலும்தான். இந்த விவரத்தைக் கேட்க எனக்கு மூன்று செமஸ்டர் ஆகியிருந்தது.

அவருக்கு இதெல்லாம் அத்துப்படியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பத்தாவதோடு நின்றவர், பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கினார். பிளஸ் டூ இல்லாமல் அப்படி வாங்கிய பட்டத்தை வைத்துச் சட்டம் படிக்க முடியாது என்பது பார் கவுன்சிலின் 2008 விதி. இருபது வருடமாக வக்காலத்து நிரப்பிக்கொண்டிருப்பவர், இதை டீ குடித்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

மிச்சமிருந்த செமஸ்டர்களில் நீதிமன்றப் பக்கம் போகவில்லை. இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், சோழர் நிலவருவாய், பிரெஞ்சுப் புரட்சி. சலிப்பாகத்தான் இருந்தது. முடிவில் 67 சதவீதம். தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வர இழுத்தடித்த அலுவலகத்தின் படிகளை எத்தனை முறை ஏறினேன் என்ற கணக்கு இல்லை. கடைசியில் 2024இல் இடம் கிடைத்தது.

அதே ஆண்டு ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. நான் மனப்பாடம் செய்திருந்த கொலைக்கான பிரிவு 302, இப்போது 103 ஆகிவிட்டது. 420கூட 318க்குப் போய்விட்டது. புத்தகத்தை எடைக்குப் போடப்போகிறேன் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தானாம். போன வாரம் அமர்வு நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். 302 வழக்கு ஒன்று வந்தது. வாய்தா.