முதுகுக்குக் கீழே ஒரு போர்வை

அக்டோபர் 15

நேற்று இரவு ஸ்பிரிங்கர் மலையில் ஹேமக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கும் துணிப்படுக்கை, கட்டிப் படுத்தேன். அமெரிக்காவின் கிழக்கில் மலைகள் வழியே போகும் நீண்ட அப்பலாச்சியன் நடைபாதையின் தெற்கு முனை அது, 3,782 அடி உயரம். அட்லாண்டாவில் கிளம்பும்போது முழுக்கைச் சட்டையே அதிகமாகத் தெரிந்தது. அதிகாலை 3 மணிக்கு மலையில் 38 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 3 டிகிரி செல்சியஸ்.

என் ஸ்லீப்பிங் பேக் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை தாங்கும் வகை. நெஞ்சும் வயிறும் கதகதப்பாகத்தான் இருந்தன. முதுகும் இடுப்பும் மட்டும் ஈரத்தரையில் கிடப்பதுபோல் சில்லிட்டுப் போயின. எழுந்து உட்கார்ந்து பையின் அடிப்பக்கத்தை விரலால் கிள்ளிப் பார்த்தேன். இரண்டு துணிக்கும் நடுவில் ஒன்றுமே தட்டுப்படவில்லை, உள்ளே அடைத்த பறவைத் தூவியெல்லாம் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. மேல்பக்கமோ நான்கு விரல் உயரத்துக்குப் புசுபுசுவென்று நின்றது. அதன்பின் விடியும்வரை தூங்கவில்லை.

அக்டோபர் 17

சூட்டைப் பிடித்து வைப்பது தூவி இல்லை, அதற்குள் அடைபட்ட காற்று. உடம்பின் பாரத்தில் அது நசுங்கினால் காற்றும் போச்சு, சூடும் போச்சு. கூடாரத்தில் கீழே தரையாவது இருக்கிறது. ஹேமக்கின் அடியில் ஓடுவது காற்று, இருக்கிற சூட்டையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது.

அண்டர்குயில்ட் இதற்காகவே வந்தது. ஹேமக்கின் வெளிப்புறத்தில், அடியில், எலாஸ்டிக் கயிற்றில் தொங்கும் ரஜாய் என்று சொல்லலாம். நாம் அதன்மேல் படுப்பதில்லை, அதனால் அது நசுங்குவதும் இல்லை.

ஹேமக்குக்குள் ஃபோம் பேட், அதாவது ஃபோம் பாய், போட்டாலும் குளிர் நிற்கும். விலையும் குறைவு. ஆனால் திரும்பிப் படுத்தால் அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோள் இரண்டும் பேடுக்கு வெளியே போய்விடும்.

அக்டோபர் 28

நண்பர் ஒருவர் தன்னுடைய செயற்கைப் பஞ்சு அண்டர்குயில்டை இரவல் கொடுத்தார். 40 டிகிரி வகை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிப் படுத்தேன். வெளியே 48 டிகிரிதான், ஆனாலும் 2 மணிக்கே முதுகு குளிர்ந்துவிட்டது. ரொம்ப மெல்லியது வாங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

காலையில் மகள் வந்தாள். என்னை மறுபடி படுக்கச் சொல்லிவிட்டு, ஹேமக்குக்கும் குயில்டுக்கும் நடுவில் கையை விட்டாள். "அப்பா, இங்க என் கை முழுசா போகுதுப்பா. அந்தப் பக்கம் வெளியவே வருது!" இடுப்புக்குக் கீழே ஒரு ஜாண் இடைவெளி. அதில் காற்று தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

அக்டோபர் 29

அதே குயில்ட், அதே மரங்கள். தொங்கு கயிற்றை இழுத்து ஹேமக்கைத் தொடும் அளவுக்கு உயர்த்தினேன். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுருக்குக் கயிற்றை இறுக்கி வாயை மூடினேன். ரொம்ப இழுத்தாலும் நசுங்கிவிடும். கையை விட்டால் துணி கையைத் தழுவ வேண்டும், அழுத்தக் கூடாது. மகள்தான் சோதித்து 'சரி' சொன்னாள்.

இரவு 44 டிகிரி. ஆறரை மணிக்குத்தான் விழித்தேன்.

நவம்பர் 2

இனி சொந்தமாக வாங்குவது. மூன்று நாளாக இதே யோசனை.

முதலில் டிகிரி. ஸ்லீப்பிங் பேக்குக்கு இருப்பதுபோல் பொதுவான சோதனைத் தரம் அண்டர்குயில்டுக்குக் கிடையாது. தைப்பவர் சொல்வதுதான் கணக்கு. அதனால் எதிர்பார்க்கும் குளிருக்குக் கீழே 10 டிகிரி கூட்டிப் பிடிக்க வேண்டும். ஜார்ஜியா மலைகளில் நான் போகும் நாட்களில் 30 வரை இறங்கும். ஆக, 20 டிகிரி குயில்ட்.

அடுத்து பஞ்சா தூவியா. கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் போன்ற செயற்கைப் பஞ்சு ஈரத்திலும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. ஆனால் 20 டிகிரி கனத்தில் அதைச் சுருட்டினால் என் பையில் பாதியை அடைத்துக்கொள்ளும். 850 ஃபில் தூவி என்றால் ஒரு அவுன்ஸ் தூவி 850 கன அங்குலத்துக்கு விரியும். சுருட்டினால் கைக்குள் அடங்கும். நனைந்தால்தான் வினை. ஹேமக்குக்கு மேலே மழைக்குக் கட்டும் என் டார்ப் துணி அகலமானது, சாரல் அடி வரை வராது. தூவியே எடுக்கிறேன்.

முழு நீளமா, முக்கால் நீளமா? முக்கால் என்றால் தோளிலிருந்து முழங்கால் வரைதான். நான் ஐந்தடி ஐந்து அங்குலம், பழைய ஃபோம் பேட் வேறு சும்மா கிடக்கிறது. அதில் ஒரு துண்டை வெட்டிக் காலடியில் போட்டால் போதும். முக்கால்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகப் பார்த்தது வெட்டு. ஹேமக் வளைந்து தொங்குவதால் குயில்டின் வெளித்துணி உள்துணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவானால் வளையும்போது வெளித்துணி இழுத்துக்கொண்டு தூவியை அமுக்கிவிடும். விற்பவர்களிடம் இதைக் கேட்டேன். தெளிவாகப் பதில் சொன்னவரிடமே வாங்கினேன். தைத்துத் தர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்; நல்லவேளை, தயாராகவே ஒன்று இருந்தது.

நவம்பர் 11

வந்துவிட்டது. உதறிக் கட்டிலில் போட்டேன், ஒரு மணி நேரத்தில் உப்பி நின்றது. மகள் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு எடுக்க மறுத்தாள்.

நவம்பர் 19

மறுபடி ஸ்பிரிங்கர். இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது, உச்சியில் தடுப்பே இல்லாத காற்று. பட்ட கிளை தலைக்குமேல் இல்லாத இரண்டு மரங்களாகத் தேடிக் கட்டினேன்.

நள்ளிரவில் இடது தோள் மட்டும் லேசாகச் சில்லிட்டது. குறுக்காகப் படுத்திருந்ததில் குயில்ட் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. கையை வெளியே நீட்டித் தலைமாட்டுக் கயிற்றை இரண்டு விரற்கடை இழுத்தேன். ஐந்து நிமிடத்தில் தோளுக்குச் சூடு ஏறியது.

காலையில் 29 டிகிரி, டார்ப்பின் ஓரத்தில் உறைபனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. எழுந்திருக்காமல் படுத்தபடியே கையைக் கீழே விட்டுக் குயில்டுக்கும் ஹேமக்குக்கும் நடுவில் வைத்தேன். அடுப்பு மேடைபோல் வெதுவெதுப்பு. காபிக்குத் தண்ணீர் வைக்க இன்னும் அரை மணி நேரம் ஆகட்டும் என்று அப்படியே கிடந்தேன்.