43 விநாடி

சின்ன வயதில் ரயிலில் போகும்போது அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுப்பார். "43 விநாடி எண்ணுல" என்பார். அந்த 43 விநாடிக்குள் சக்கரம் எத்தனை தடவை 'டடக்' என்கிறதோ, வண்டி மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலம் அது. தண்டவாளத் துண்டு ஒன்று ஏறக்குறைய 12 மீட்டர். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் வெயிலுக்கு விரிய விட்டிருக்கும் இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறும் சத்தம்தான் அந்த 'டடக்'. எவ்வளவு கவனமாக எண்ணினாலும் எனக்கு ஐம்பதைத் தாண்டி வந்ததாக ஞாபகமில்லை.

அப்பா கடம்பூர் பக்கம் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தார். அப்புறம் கீமேன் ஆனார். கீமேன் என்றால் தினமும் தன் பங்குக்கான கிலோமீட்டர்களை நடந்தே பார்த்துவிட வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் சிவப்பு பச்சைக் கொடிகள், பையில் டெட்டனேட்டர், அதாவது சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடி. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் ஒரே தட்டில் உட்கார வைப்பார். மார்கழியில்தான் வீட்டில் அதிகம் பயப்படுவார்கள். குளிரில் இரும்பு சுருங்கும், வெல்டிங்கில் விரிசல் விடும். அகலப்பாதை வந்த பிறகு ஒரு மார்கழி விடியலில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். விதிப்படி விரிசலிலிருந்து 600 மீட்டரில் ஒரு வெடி, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று வெடி வைக்க வேண்டும். ஜல்லி மேல் செருப்போடு 1200 மீட்டர் ஓடிப் பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும். வண்டி நின்றது. அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னது, "செருப்பு அறுந்து போச்சு" என்பது மட்டும்தான்.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876ல். சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் எல்லாம் கரிசல் பூமி. மழை பெய்தால் மண் ஊதும், கோடையில் காலை விட்டால் முழங்கால் வரை இறங்குகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் மண் விழுங்கிவிடும். ஒரு பக்கத் தண்டவாளம் கொஞ்சம் இறங்கும், வண்டி ஆடும், கேங் போய்த் தூக்கிக் கட்டும், அடுத்த மழைக்கு மறுபடி இறங்கும். அப்பாவின் வேலைக்காலம் பாதி அந்த மண்ணோடு மல்லுக்கட்டியே போனது. இரண்டாவது பாதை போட்டபோது கரிசலுக்கும் ஜல்லிக்கும் நடுவில் சரளை மண்ணைத் தனி அடுக்காகப் பரப்பியதை ரிட்டையர் ஆன பிறகும் பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி இரண்டு நாள் அதே பேச்சு.

பயணிகளுக்கு மண் தெரியாது, கிராசிங்தான் தெரியும். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வரும்வரை ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நேரத்துக்கு வந்த வண்டிக்கு மரியாதை. தாமதமாகிவிட்ட வண்டியை யாரும் மதிக்க மாட்டார்கள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓரம் கட்டுவார்கள், அது இன்னும் தாமதமாகும். திருநெல்வேலியில் ராத்திரி வண்டி ஏறி மணியாச்சி தாண்டியதும் கடம்பூரில் 'ஊஸ்' என்று பிரேக் பிடித்தால், "கிராசிங் போட்டுட்டான்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அதைச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் இருப்பார். அடுத்த நிமிஷம் ஜன்னலில் போளி. கடம்பூர் போளியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு என்ன சொல்வது? சூடு போகாமல் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். நெய் ஊறி எழுத்தெல்லாம் தெரியும். கிராசிங் நீண்டால் இரண்டாவது பொட்டலம். எதிர்வண்டி தடதடவென்று கடந்து போன பிறகுதான் நம் வண்டிக்கு உயிர் வரும்.

மதுரை - மணியாச்சி - தூத்துக்குடி 160 கிலோமீட்டர், மணியாச்சி - நாகர்கோவில் 102 கிலோமீட்டர் இரட்டைப் பாதைக்கு 2015-16ல் அனுமதி கிடைத்தது. துண்டு துண்டாக முடித்தார்கள். கடைசியில் பாக்கியிருந்தது மதுரை - திருமங்கலம். பதினேழு கிலோமீட்டர்தான், ஆனால் ஊருக்குள் போகிற பதினேழு. அது 2023ன் தொடக்கத்தில் முடிந்ததும் சென்னையிலிருந்து மணியாச்சி வரை போக ஒன்று, வர ஒன்று என்றாகிவிட்டது. அதே வருடம் செப்டம்பர் 24ல் திருநெல்வேலி வந்தே பாரத்தை விட்டார்கள், 7 மணி 50 நிமிஷம் என்று. எல்லாரும் வெள்ளைப் பெட்டியைப் படம் எடுத்துப் போட்டார்கள். இரண்டாவது தண்டவாளத்தை யாரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை. கிராசிங்குக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தால் அந்த வெள்ளைப் பெட்டியும் கடம்பூரில் போளிதான் தின்றுகொண்டிருக்கும்.

  

சரி, போன மாதம் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு அந்த வண்டியில் கூட்டி வந்தேன். ஜன்னல் சீட். மணியாச்சி தாண்டியதும் முன்னால் சாய்ந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். அவர் நடந்த கிலோமீட்டர் கற்கள் வரப்போகின்றன. கடம்பூர் போர்டைப் படிக்க முடியவில்லை, ஒரு மஞ்சள் கோடு மாதிரி போனது.

"ஆடவே இல்ல" என்றார். பாராட்டா, ஏமாற்றமா என்று புரியவில்லை.

நான் செல்போனை எடுத்து, "43 விநாடி எண்ணுவமாப்பா?" என்றேன்.

"எதை எண்ண? ஒட்டு எங்க இருக்கு?" என்று சிரித்தார். கிலோமீட்டர் கணக்கில் ஒரே கம்பியாக வெல்டிங் செய்து போட்டிருக்கிறார்கள். மேலே இருந்த திரையில் வேகம் நூறைத் தாண்டியிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விருதுநகருக்கு முன்னால் ஓரிடத்தில் வண்டி ஊர ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர், "இதுலயும் கிராசிங்கா?" என்றார். "காஷன். மெதுவாத்தான் போகணும். கீழ வேலை நடக்கு" என்றார் அப்பா, வெளியே பார்க்காமலே. அப்புறம் பார்த்தார். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஏழெட்டுப் பேர் கடப்பாரைகளோடு ஒதுங்கி நின்றார்கள். அப்பா கையைத் தூக்கினார். கறுப்புக் கண்ணாடி, வெளியிலிருந்து ஒன்றும் தெரிந்திருக்காது. விரலால் கண்ணாடியைத் தட்டினார். யாரும் நிமிரவில்லை. வண்டி வேகம் எடுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "கடைசியில நின்னவன் ரொம்ப ஒட்டி நிக்கான். மேஸ்திரி பார்த்தா ஏசுவாரு" என்றார்.