மதகடியில் பார்த்த படம்

2023ஆம் ஆண்டுக் குறுவையின்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடைப் பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்தேன். மேட்டூரில் நீர் குறையக் குறைய, முறை வைத்துத்தான் தண்ணீர் விட முடிந்தது. எங்கள் வாய்க்காலின் முறை முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு, யாரும் மறுபடி தூக்கிவிடாதபடி இரவு முழுதும் மதகடியில் காவல் இருக்க வேண்டும். அப்படியோர் இரவில், உடனிருந்த, மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கர் அண்ணனுக்கு ‘டூன்’ படத்தை மடிக்கணினியில் போட்டு, வசனங்களை நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய நாவலை டெனி வில்நெவ் 2021இல் படமாக்கினார். அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளின் மணலில் கிடைக்கும் ஒரு பொருளுக்காக வெளியார் மாறிமாறி ஆளவருகிறார்கள்; அந்த மண்ணுக்குரிய ஃப்ரெமென் மக்களோ ஒரு சொட்டு ஈரத்தையும் வீணாக்காமல் வாழ்கிறார்கள். மீத்தேன் திட்டத்துக்கு அஞ்சிப் போராடி, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகே சற்று மூச்சுவிட்ட எங்கள் பகுதியில் இந்த அரசியலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அரண்மனை வாசலில் இருபது பேரீச்ச மரங்கள் நிற்கும் காட்சி வந்தது. ஒவ்வொரு மரமும் நாளொன்றுக்கு ஐந்து பேர் குடிக்கும் நீரைக் குடிக்கிறது என்கிறார் அவற்றைப் பேணும் முதியவர். அண்ணன் படத்தை நிறுத்தச் சொன்னார். “அந்த மரத்துக்கு ஊத்துறவரு குடிக்கிறதுக்கு என்ன மேடம் பண்ணுவாரு?” என்று கேட்டார். நான் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

என் மனம் ஒன்றியது லீயட் கைன்ஸிடம். பேரரசர் அமர்த்திய சூழலியலாளர், ஆட்சி கைமாறுவதை மேற்பார்வையிடும் நடுவர். ஆனால் உள்ளத்தால் ஃப்ரெமென். நாவலில் ஆணாக இருக்கும் இப்பாத்திரத்தைப் படத்தில் ஷரோன் டங்கன்-ப்ரூஸ்டர் என்ற கறுப்பினப் பெண் ஏற்றிருக்கிறார். நான் முதன்முதலாகக் கரையில் போய் நின்றபோது, விவசாயிகள் என்னைத் தாண்டி ஜீப்பைப் பார்த்து “ஐயா வரலையா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. ஆகவே இந்த மாற்றத்தை வெறும் ஒப்புக்குச் செய்ததாக என்னால் எண்ண முடியவில்லை.

எனினும் ஒரு குறை உறுத்துகிறது. ஃப்ரெமென் பேச்சில் ‘மஹ்தி’, ‘லிசான் அல்-கைப்’ என அரபு வேர்ச்சொற்கள் நிறைந்திருக்கின்றன. பாலைவனத்தின் ஒரு பகுதி ஜோர்டானின் வாடி ரம்மில் படமாக்கப்பட்டது. அப்படியிருந்தும் ஃப்ரெமென்களில் முதன்மையான பாத்திரங்கள் அரபு நடிகர்களுக்குக் கிடைக்கவில்லை. மொழியையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு உரியவர்களை விட்டுவிடும் வழக்கத்தை நான் அலுவலகத்திலேயே கண்டிருக்கிறேன். அண்ணன் கரையோரம் குந்தி, நண்டு வளைக்குள் முழங்கை வரை கையை விடுவார். விரல் நுனியில் சில்லென்று ஓட்டம் பட்டால், விடிவதற்குள் உடைப்பு எடுக்கும் என்பார். உடனே வைக்கோலையும் களிமண்ணையும் சேர்த்துப் பிசைந்து, குதிகாலால் மிதித்து அடைப்பார். ‘கசிவு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது’ என்று நான் அறிக்கை எழுதுவேன். கண்டறிந்தவர் பெயர் அதில் இருக்காது.

அடுத்த முறையில், அதிகாலை இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்க வேண்டியிருந்தது. கதிர் வாங்கும் பயிர் வெடித்த வயலில் நிற்கிறது என்று வால்பகுதியிலிருந்து ஐந்தாறு பெண்கள் நடந்தே வந்திருந்தார்கள். நான் மூன்று மணிக்குத்தான் இறக்கச் சொன்னேன். பதிவேட்டிலும் மூன்று மணி என்றே எழுதினேன். நான்காம் நாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடுநிலை என்பது இருக்கும் ஏற்பாட்டின் பக்கம் நிற்பதாகவே ஆகிவிடும் கட்டம் ஒன்று உண்டு. கைன்ஸும் அங்கே வந்துதான் பக்கம் மாறுகிறார், உயிரையும் கொடுக்கிறார். எனக்கு ஒரு மெமோவோடு போயிற்று.

அண்ணன் மெமோவை வாங்கி மெல்லப் படித்துவிட்டு, “நான்தான் தூங்கிட்டேன்னு எழுதிடுங்க மேடம், எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். அத்தனை ஆண்டு அறிக்கைகளில் இடம்பெறாத அவர் பெயர், கோப்பில் முதன்முதலாக ஏற வேண்டியது இதற்காகவா? நேரத்தையும், உத்தரவு என்னுடையது என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டேன்.