கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா

நவம்பர் வந்தால் எங்களுக்கு லைஃப் சர்டிபிகேட் வேலை, பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று பதிய வேண்டிய சான்று. கேரள எல்லையில் ஆரியங்காவுப் பக்கம் நடக்க முடியாத பென்ஷன்காரர்கள் வீட்டுக்கு நாங்களே போனைத் தூக்கிக்கொண்டு போவோம். இந்தத் தாத்தா செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் ரயில் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். கைரேகை எல்லாம் தேய்ந்து எந்த மெஷினிலும் விழாது. அதனால் முகத்தைக் காட்டித்தான் சான்று. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் ஆள் இருக்கிறார் என்று அரசாங்கம் நம்பும்.

அன்றைக்கு அவர் சிமிட்டவில்லை. மூன்று தடவை பார்த்தேன். காது கேட்கவில்லையோ என்று சத்தம் போட்டேன். கேட்டிருக்கிறது.

"ஏன் தம்பி, நான் போயிட்டா இவளுக்கு என்ன வரும்?"

இவள் என்றது, வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மகளை. அந்த அக்காவுக்கே எழுபது இருக்கும். கணவர் போய் ரொம்ப நாளாகிறது.

எனக்குப் பதில் தெரியும். அப்பாவை நம்பியிருக்கும் விதவை மகளுக்குக் குடும்ப பென்ஷன் கிடைக்க வழி இருக்கிறது, தொகைதான் குறையும். அதைச் சொல்லாமல், எல்லா வீட்டிலும் சொல்கிற வசனத்தைச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு தாத்தா? 95 ஆனா பென்ஷன்ல பாதி கூடுதலா வரும். நூறு ஆயிட்டா அப்படியே டபுள். இருந்து வாங்குங்க."

80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறுகிற கூடுதல் பென்ஷன் அது. சொன்னால் பொதுவாகச் சிரிப்பார்கள். இவர், "நூறா?" என்றார். மகளைப் பார்த்தார். அப்புறம் சிமிட்டினார்.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? 94 வயதுக்காரரிடம், நீங்கள் போனாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்றா? அது அனுமதி கொடுப்பது மாதிரி ஆகாதா? ஆனால் அவர் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை, விவரம் கேட்டார். அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அவர் பிறந்த காலத்தில் இந்தியாவில் சராசரி ஆயுள் 30-ஐத் தொடவில்லை. மூன்று ஆயுள் இருந்தவரிடம் இன்னும் ஆறு வருஷத்துக்குப் பேரம் பேசியிருக்கிறேன்.

அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தபோது அதன் பலனைச் சொல்லாமல் மறைத்தான். பள்ளிக்கூடத்தில் அதைக் கொடை என்று படித்தோம். சாவு நீங்கிக் கிடக்க உனக்குச் சம்மதமா என்று ஔவையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிரான்ஸில் 122 வயது வரை இருந்த ழான் கால்மென் என்ற பாட்டி, ஒரே மகளையும் ஒரே பேரனையும் வழியனுப்பியவர். சாகும்வரை மாதாமாதம் பணம் தருகிறேன், அப்புறம் வீடு எனக்கு என்று பாட்டியின் 90 வயதில் அவரிடம் ஒப்பந்தம் போட்டவர், முப்பது வருஷம் கட்டிவிட்டு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். முன்பெல்லாம் இதை ஆபீசில் ஜோக்காகச் சொல்வேன்.

போன நவம்பரில், விதவை மகளுக்கான அந்த விதியை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். தாத்தா முதல் தடவையிலேயே சிமிட்டிவிட்டார். எதுவும் கேட்கவில்லை. தாள் பையிலேயே இருந்தது. அக்கா கட்டன் சாயா கொடுத்துவிட்டு வாசல் வரை வந்தார்.

"டபுள் ஆக இன்னும் அஞ்சு வருஷம்தானே தம்பி?"