எனக்கு நானே கூலியா?

ஆறு வருடம் சிறு வியாபாரிகளுக்குப் பண நிர்வாகம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். பெரும்பாலும் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம். இட்லிக்கடை, பூக்கடை, தையல், காய்கறி என்று ஒரு வகுப்புக்கு 25, 30 பெண்கள் வருவார்கள். மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் வரவு செலவு, இரண்டாம் நாள் கடனும் வட்டியும், மூன்றாம் நாள் லாப நட்டக் கணக்கு, கடைசியில் ஒரு குரூப் போட்டோ.

கணக்கு தெரியாதவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில்தான் முதலில் போனேன். 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கி, அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பரவி, இவர்களில் பாதிப் பேர் வருடக்கணக்கில் குழுவில் தீர்மானப் புத்தகமும் சேமிப்புப் பேரேடும் எழுதி வருகிறவர்கள். குழுத் தலைவி ஒருவர் என் கையேட்டைப் புரட்டிவிட்டு, "இதுல கூட்டல் தப்பா இருக்கே சார்" என்றார். தப்பாகத்தான் இருந்தது.

சரி, இரண்டாம் நாள் தண்டல் (தினவசூல் கடன்) கணக்குக்கு வருகிறேன். 10,000 என்று பேசிக் கையில் 9,000 கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "நூத்துக்குப் பத்து" என்பார்கள். நான் போர்டில் போட்டுக் காட்டுவேன். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் ஐம்பதாவது நாள் கையில் நிற்கும் கடன் ஏறக்குறைய பாதிதான், ஆனால் வட்டி முழுசுக்கும் முன்னாடியே பிடித்தாயிற்று. கணக்குப் பார்த்தால் மாதம் ஆறு வட்டிக்கு மேல் வரும், வருடத்துக்கு 75 சதவீதத்தைத் தாண்டும். இதைச் சொல்லிவிட்டு, வகுப்பே அதிர்ந்து போகும் என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு தடவை முன்வரிசையில் இருந்த இட்லிக்கடை அக்கா கொஞ்சம்கூட அசரவில்லை. "அது தெரியும் தம்பி. எங்கிட்ட காசு இருந்தா வீட்ல நிக்காது. அவரு கேப்பாரு, நாத்தனார் கேப்பாங்க, இருக்குன்னு தெரிஞ்சா இல்லேன்னு சொல்ல முடியுமா? தண்டல்காரன் வந்து வாங்கிட்டுப் போயிட்டா யாரும் கேக்க மாட்டாங்க. நூறு நாள் கழிச்சு மறுபடி மொத்தமா வரும், மாவு மெஷின் ரிப்பேர் பாத்துடலாம்" என்றார். கடன்காரரை அந்த அக்கா உண்டியல் மாதிரி வைத்திருந்தார். காசைப் பத்திரப்படுத்தத்தான் நூற்றுக்குப் பத்து. என் போர்டில் அதற்கு இடமே இல்லை.

சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் வட்டிக் கடனை ஆய்வாளர்களே மொத்தமாக அடைத்துப் பார்த்ததைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். பெரும்பாலானவர்கள் ஆறே வாரத்தில் மறுபடி கடனில் இருந்தார்களாம். அதற்குள் எனக்கு அதில் ஆச்சரியம் வரவில்லை.

2020-ல் மத்திய அரசின் ஸ்வநிதி கடன் திட்டம் வந்தபோது அதே அக்காவைப் பிடித்து விண்ணப்பம் போட வைத்தேன். தெருவோர வியாபாரிகளுக்கு அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்குக்குத் திரும்பி வரும். வங்கிக்கு மூன்று நடை, ஒவ்வொரு நடைக்கும் கடை மூடல், அது தனிக் கதை. கடன் வந்தது. ஆனால் அது மாதத் தவணை. தினம் வரும் காசை முப்பது நாள் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது தவணைக்கு அக்கா தண்டல் வாங்கிக் கட்டினார். விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் என்னோடு வேலை பார்த்த ஒருவர் டொமினிகன் குடியரசில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2014-ல் வெளியானது. சிறுதொழில் செய்கிறவர்களில் ஒரு பிரிவினருக்கு எங்களைப் போலவே முறையான கணக்கியல் வகுப்பு, இன்னொரு பிரிவினருக்குச் சில எளிய விதிகள் மட்டும். கடைக் காசு ஒரு டிராயரில், வீட்டுக் காசு இன்னொன்றில். உனக்கென்று ஒரு சம்பளத்தை மட்டும் கடையிலிருந்து எடுத்துக்கொள். முதல் பிரிவினரிடம் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் பிரிவினரிடம் கணக்கு வைக்கும் பழக்கம் தேறியிருந்தது. இதற்குக் கரீபியன் கடல் வரை போக வேண்டுமா என்றுதான் முதலில் தோன்றியது, எங்கள் பாட்டி கடுகு டப்பாவில் வைத்த சிறுவாட்டுக் காசு வேறென்ன? ஆனால் சிறுவாடு வீட்டுக்காக வீட்டுக்காரரிடமிருந்து மறைப்பது. இங்கே கடைக்காக வீட்டிடமிருந்தே மறைக்க வேண்டியிருந்தது, அதுதான் கஷ்டம்.

மூன்றாம் நாள் லாப நட்டக் கணக்கைத் தூக்கிவிட்டேன். ஆளுக்கு இரண்டு டப்பா கொண்டு வரச் சொன்னேன். இட்லிக்கடை அக்காவும் வந்தார். ஒரு நாள் செலவை எழுதினோம். அரிசி, உளுந்து, எண்ணெய், தேங்காய், கேஸ். கேஸ் வீட்டுச் சிலிண்டர்தான், அதனால் அவர் அதைச் சேர்க்கவில்லை, நான்தான் சேர்த்தேன். போக மிச்சம் 420.

"உங்க கூலி போட்டீங்களாக்கா?"

"எனக்கு நானே கூலியா?" என்று சிரித்தார், வகுப்பே சிரித்தது. காலை நாலு மணிக்கு எழுந்து பதினோரு மணி வரைக்கும், அப்புறம் மாலை மாவு அரைக்க இரண்டு மணி நேரம். பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "முந்நூறு கேப்பா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. முந்நூறு கூலியாக வீட்டு டப்பாவுக்கு, மிச்சம் 120 கடை டப்பாவுக்கு என்று பிரித்தோம். வீட்டில் கேட்டால் வீட்டு டப்பாவைத் திறந்து காட்டலாம், பொய் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் எத்தனை பேர் கணக்குப் புத்தகம் எழுதுகிறார்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. டப்பாவுக்குக் கட்டம் இல்லை. நான் சைபர் போட்டேன், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அக்கா கடையில்தான் சாப்பிட்டேன். தண்டலை விட்டுவிட்டாரா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று வந்து நின்றது. அக்கா கடை டப்பாவைத் திறந்து ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் அட்டையில் டிக் போட்டார். முன்னெல்லாம் நூறு. "இப்ப அஞ்சாயிரம்தான் எடுத்தேன் தம்பி" என்றார், நான் கேட்காமலே, இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிக்கொண்டே.