கடிகாரத்தில் தொங்கியவர்

பிப்ரவரி 20, 2025

உயரமான கட்டடம், கீழே காரும் டிராமும் ஓடும் தெரு, நடுவில் பெரிய கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துத் தொங்கும் ஒரு கண்ணாடிக்காரர். இந்தப் புகைப்படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஜாக்கி சான் மணிக்கூண்டிலிருந்து விழுந்ததுகூட இவர் நினைவில்தான். ஆனால் தொங்குபவர் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் சாப்ளின் என்பார்கள். இல்லை, மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹாரல்ட் லாயிட். 1920களில் சாப்ளின் கொடுத்த முழுநீளப் படங்கள் 4, லாயிட் கொடுத்தவை 12. மொத்த வசூலில் சாப்ளினையே தாண்டியவர். அப்படிப்பட்ட ஆள் எப்படிப் பெயர் தெரியாத ஒரு புகைப்படமாகிப் போனார்? இந்தக் கேள்விதான் இப்போது தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. படங்களைப் பார்க்கப் பார்க்க எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 22

1893இல் நெப்ராஸ்காவில் பர்ச்சர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா தொட்ட தொழில் எதுவும் விளங்கவில்லை. விபத்து ஒன்றில் அப்பாவுக்கு நஷ்டஈடு கைக்கு வந்ததும், நியூயார்க் போவதா கலிஃபோர்னியா போவதா என்று காசைச் சுண்டிப் பார்த்தார்களாம். கலிஃபோர்னியா விழுந்தது. அங்கே துணை நடிகர் கூட்டத்தில் கிடைத்த சிநேகிதர் ஹால் ரோச். ரோச் கையில் கொஞ்சம் பணம் புரண்டதும் சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பினார், லாயிடையும் சேர்த்துக்கொண்டார்.

முதலில் 'லோன்சம் லூக்' என்று ஒரு வேஷம். சாப்ளின் தொளதொள கால்சட்டை போட்டால் இவர் இறுக்கமாகப் போட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். படங்கள் ஓடின, ஆனால் காப்பியடிக்கிறோம் என்பது லாயிடுக்கே உறுத்தியிருக்கிறது. 1917இல் ஒட்டு மீசையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மாட்டினார். வெறும் ஃபிரேம்தான். லென்ஸ் இருந்தால் விளக்கு வெளிச்சம் அடிக்கும் என்று அதை எடுத்துவிட்டார்கள். சாதாரண கோட்டு, வைக்கோல் தொப்பி, முன்னேறத் துடிக்கும் ஒரு பையன். வங்கியில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கக்கூடிய முகம்.

பிப்ரவரி 26

லாயிடின் கை விஷயத்தை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். 1919 ஆகஸ்ட், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. விளம்பரப் படத்துக்காக, வெடிகுண்டின் திரியில் சிகரெட் பற்றவைப்பதுபோல போஸ் கொடுக்க வேண்டும். போலிக் குண்டுகளோடு நிஜமானது ஒன்று கலந்திருந்தது. திரி புகைந்து முகத்தை மறைக்கிறதென்று கையைக் கொஞ்சம் கீழே இறக்கியிருக்கிறார், வெடித்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. கொஞ்ச நாள் கண்ணும் தெரியவில்லை. வயது 26.

தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் சினிமாவுக்கு வருமுன் கையுறை வியாபாரத்தில் இருந்தவர். அவர் உதவியோடு தோல் நிறத்தில் ஒரு கையுறை தயாரானது, இரண்டு செயற்கை விரல்களோடு. படங்களில் அதை மாட்டிக்கொண்டுதான் நடித்தார். இந்தக் கையைப் பற்றி விளம்பரம் செய்யவே இல்லை. பரிதாபப்பட்டால் ஜனங்கள் சிரிக்க மாட்டார்கள் என்ற கணக்கு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

அந்தக் கடிகாரம் 1923. கையுறைக்கு அப்புறம் எடுத்தது.

மார்ச் 2

ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கடிகாரம் வரும் 'சேஃப்டி லாஸ்ட்' படத்தைப் போட்டேன். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தாள்.

கதை எளிது. கிராமத்துப் பையன் நகரத்து ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்கிறான். ஊரில் இருக்கும் காதலிக்குத் தான் பெரிய அதிகாரி என்று கடிதம் எழுதுகிறான். கவுண்டரில் பெண்கள் மொய்க்கும் காட்சி அசல் ஆடித் தள்ளுபடி. கோட்டுக் கிழிந்ததுதான் மிச்சம். எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன இடம். காதலிக்குச் சங்கிலி வாங்கக் கடைக்காரரிடம் சம்பளக் காசை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். எதிர்க்கடையில் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு தெரிகிறது. காசு நகர நகரத் தட்டிலிருந்த பதார்த்தமும் ஒவ்வொன்றாக மறைகிறது. வசனமே வேண்டாம். மாதக் கடைசி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அப்புறம் அந்த ஏற்றம். கடைக்குக் கூட்டம் சேர்க்க 1000 டாலர் பரிசு. கடைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒருவன் ஏறிக் காட்டுவதுதான் இவன் யோசனை. ஏற வேண்டியவன் நண்பன், அவனைப் போலீஸ்காரர் துரத்துகிறார். "இன்னும் ஒரே ஒரு மாடி ஏறு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று நண்பன் சொல்லிச் சொல்லியே இவனை உச்சிவரை ஏற்றிவிடுகிறான். புறா, வலை, கால்சட்டைக்குள் எலி. கடிகாரத்தின் முகப்பு பிய்ந்து சாயும்போது அம்மா, "பிடிடா, விட்டுடாதே!" என்று மாவுக் கையோடு கத்தினாள். நூறு வருஷம் கழிந்த படம். நான் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு விரல்களும் பெரும்பாலும் விறைப்பாகவே நிற்கின்றன.

மார்ச் 5

அந்தக் காட்சியை எடுத்த விதம். உயரமான நிஜக் கட்டடங்களின் மொட்டை மாடியில் போலி முகப்பு கட்டினார்கள். கேமராவை வைக்கிற கோணத்தில் மாடித் தளம் மறைந்து கீழே தெரு மட்டும் தெரியும். மாடி ஏற ஏற வேறு வேறு உயரக் கட்டடம். கீழே மெத்தை போட்ட மேடை. ஒரு தடவை சோதனைக்காகப் பொம்மையைத் தள்ளியபோது அது மெத்தையில் பட்டுத் துள்ளி வெளியே போய்விட்டதாக லாயிடே சொல்லியிருக்கிறார்.

தூரத்துக் காட்சிகளில் ஏறுவது பில் ஸ்ட்ரதர். கட்டடம் ஏறுவதையே தொழிலாக வைத்திருந்தவர். அவர் ஏறுவதை லாஸ் ஏஞ்சலஸில் பார்த்து, பயத்தில் பார்க்க முடியாமல் தெருமுனை தாண்டிப் போய் நின்றுகொண்டாராம் லாயிட். படமே அங்கேதான் பிறந்தது. படத்தில் நண்பனாக வருவதும் ஸ்ட்ரதர்தான். ஏற்றத்தை முதலில் எடுத்து முடித்துவிட்டு, அப்புறம்தான் கதையின் முன்பாதியை யோசித்தார்கள்.

டூப் போட்டதால் மவுசு குறையுமா என்று ஒரு நண்பர் கேட்டார். அருகில் தெரியும் காட்சிகளில் தொங்குவது அவரேதான், அதுவும் எட்டு விரலோடு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மார்ச் 8

1971இல் இதே தேதியில் இறந்தார். முதல் கேள்விக்கு வருகிறேன். என் கணக்கில், அவரை மறக்கடித்தது அவருடைய சாமர்த்தியமே.

1923இல் ரோச்சைப் பிரிந்து சொந்தக் கம்பெனி. படங்களின் உரிமை எல்லாம் அவர் கையில். பெவர்லி ஹில்ஸில் 44 அறைகளோடு 'கிரீனேக்கர்ஸ்' மாளிகை. பேசும்படம் வந்தபோதும் உடனே கவிழ்ந்துவிடவில்லை. மௌனமாக எடுத்த 'வெல்கம் டேஞ்சர்' படத்தைப் பேசும்படமாக மாற்றி 1929இல் வெளியிட்டார், நன்றாகவே ஓடியது. அப்புறம்தான் சரிவு. பொருளாதார மந்தத்தில் ஜனங்கள் வேலை இல்லாமல் தவிக்கும்போது, உழைத்தால் உயரலாம் என்று ஓடும் பையன் யாருக்குச் சிரிப்பு மூட்டுவான்?

பிறகு தொலைக்காட்சி வந்தது. ஒரு படத்தை இரண்டு தடவை ஒளிபரப்ப 3 லட்சம் டாலர் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. பியானோ பின்னணியும் அவருக்கு ஆகாது, ஆர்கன்தான் வேண்டும். சாப்ளினும் உரிமையை விடாதவர்தான், ஆனால் பழைய படங்களுக்கு இசை சேர்த்துத் திரையரங்குக்கு மறுபடியும் அனுப்பினார். லாயிட் 1962இல் ஒரு தொகுப்புப் படம் விட்டார், கான் விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது விழா. வீட்டில் உட்கார்ந்து பழைய நகைச்சுவைப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அவர் கண்ணிலேயே படவில்லை.

பெட்டியில் பூட்டியதும் முழுசாகத் தப்பவில்லை. 1943இல் மாளிகையின் ஃபிலிம் கிடங்கில் தீ. சட்டென்று தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிம், கேட்கவா வேண்டும்? ஆரம்பகாலக் குறும்படங்கள் பல போயின. அவர் உயிரே மயிரிழையில் தப்பியது.

மார்ச் 11

'தி கிட் பிரதர்', 1927. அவர் படங்களில் உயர்ந்தது இதுதான், கடிகாரம் அல்ல. சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் மரக் காட்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிரிந்து போகும் பெண் (ஜோபைனா ரால்ஸ்டன்) மலைச்சரிவில் இறங்கி மறைகிறாள். இவன் மரத்தில் ஏறிப் பெயரைக் கேட்கிறான். மறுபடி மறைகிறாள், இன்னும் ஒரு கிளை மேலே போய் ஊரைக் கேட்கிறான். அவனோடு சேர்ந்து கேமராவும் உயர்கிறது. கடைசியில் பிரியாவிடை சொல்லிவிட்டு உச்சிக் கிளையில் சொக்கிப்போய் உட்கார்ந்தவன், பொத்தென்று கிளை கிளையாக விழுகிறான்.

மார்ச் 14

நான் பார்த்த பிரதியில் பியானோ. லாயிட் இருந்திருந்தால் கோபித்திருப்பார். பாளையங்கோட்டையில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் நண்பரிடம், மரக் காட்சிக்கு மட்டும் ஆர்கன் வாசித்துத் தர முடியுமா என்று கேட்டேன். "விழும்போது என்ன வாசிக்கணும்?" என்கிறார். நல்ல கேள்வி. வீடியோவை அனுப்பியிருக்கிறேன், ஈஸ்டர் முடியட்டும் என்கிறார்.