"ஸ்கோர் எவ்வளவு சார்?"

2021 மே மாதம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கொரோனா இரண்டாம் அலை. ஆர்டி-பிசிஆர் முடிவு வரத் தாமதமானதால், காய்ச்சல் கண்டவர்கள் நெஞ்சு சி.டி. எடுக்க நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். எனக்குப் பெரிய பயம் அந்த வரிசைதான். தொற்று உள்ளவரும் வெறும் சளிக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்கேன் சில நொடி வேலை. ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள்தான் நேரம் போகும். மேஜை, பெல்ட், தலை வைக்கும் இடம் எல்லாவற்றையும் துடைத்து, அறைக் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். "உள்ளே யாருமே இல்லையே, ஏன் கூப்பிட மாட்டேங்கிறீங்க?" என்று வெளியே சத்தம் போடுவார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் அந்த இடைவெளியைக் குறைக்க நான் விடவில்லை.

டெக்னீஷியன்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தோம். ஒருவர் பிபிஇ கிட்டோடு நோயாளியைத் தொடுவார். மற்றவர் கன்சோலை, அதாவது ஸ்கேனரை இயக்கும் கணினியை, விட்டு எழக்கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரோடு வருபவர்களுக்கு, மேஜை உள்ளே நகரும்போது டியூப் இழுபடாமல் கூடவே விட்டுக்கொடுக்க வேண்டும். மைக்கில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் இழுக்கும்போதே இருமல் வரும், படம் அசைந்துவிடும். "பிடிக்க முடியலைன்னா பரவாயில்லம்மா, மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே படுத்திருங்க" என்று சொல்லித்தான் பலருக்கு எடுத்தோம்.

வார்டில் இருப்பவர்களைக் கீழே கொண்டுவராமல் போர்ட்டபிள் எக்ஸ்ரேயை அங்கேயே நிறுத்தினோம். நோயாளிக்குப் பின்னால் வைத்துப் படம் பிடிக்கும் பலகையான டிடெக்டருக்கு இரண்டு பாலிதீன் உறை; படம் எடுத்ததும் வெளியுறை குப்பைக்கு. பிபிஇக்குள் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரானும் மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் படுக்கை படுக்கையாக நடந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ரிப்போர்ட் கையில் வருமுன்னே "ஸ்கோர் எவ்வளவு சார்?" என்பார்கள். சி.டி.யில் நுரையீரல் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதற்கான மதிப்பெண் அது; கூடக்கூட பாதிப்பு அதிகம். நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 வரை, மொத்தம் 25. எட்டு என்றால் அழுகை. மூச்சும் ஆக்சிஜன் அளவும்தான் முக்கியம் என்றால் யார் கேட்டார்கள்? லேசான அறிகுறிக்கு சி.டி. வேண்டாம் என்று டெல்லி எய்ம்ஸின் அப்போதைய இயக்குநர் ரன்தீப் குலேரியா சொன்னது அப்போதுதான். கதிர்வீச்சில் ஒரு சி.டி. முந்நூறு எக்ஸ்ரேக்குச் சமம் என்ற அவர் கணக்கை ரேடியாலஜி மருத்துவர்கள் சங்கம் மறுத்தது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் வேண்டாம் என்றது சரி. முதல் ஓரிரு நாளில் எடுத்தால் தொற்று இருந்தும் நுரையீரல் சுத்தமாகத் தெரியலாம். அதை நம்பி வீட்டில் எல்லோரோடும் கலந்து புழங்குவார்கள்.

அப்புறம் பில் கவுண்டருக்கு முன்னாலேயே ஒரு மேஜை போட்டு, டியூட்டி டாக்டரையும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் வைத்தோம். மூச்சுத் திணறல் இல்லாமல், ஆக்சிஜன் அளவு 94க்குக் குறையாமல் இருந்தால் மருந்து எழுதி வீட்டுக்கு. வருமானம் குறைகிறதே என்று நிர்வாகத்தில் முகம் சுளித்தார்கள். மூச்சு வாங்க வந்தவர்களை வரிசையில் நிறுத்தாமல் நேராக உள்ளே அழைத்துப்போக முடிந்தது அதற்கப்புறம்தான்.